கட்டிலில் ஈரத் துண்டு

இத்தனை வருடம் நான் கத்தியும் எழாத என் மகன், ராணுவப் பயிற்சியிலிருந்து லீவில் வந்த மறுநாள் விடியுமுன்பே எழுந்து, போர்வையைச் செங்கல் மாதிரி மடித்து வைத்தான்.

"எங்க உஸ்தாத் பழக்கிவிட்டாரும்மா" என்றான். உஸ்தாத் என்றால் பயிற்சி கொடுப்பவராம். தட்டில் பாகற்காய் மிஞ்சாததற்கும் அவர்தான் காரணம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் காவிரிக்குக் குளிக்கப் போனதும் அந்தப் போர்வையை உதறிக் கலைத்தேன். பழையபடி திட்டிக்கொண்டே நானே மடிக்க ஆசை. அதற்குள் வந்துவிட்டான். போர்வையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஃபேன் காத்துல கலைஞ்சிருக்கும்மா" என்று அவனே மடித்தான். உஸ்தாத் என் வீட்டுக்குள்ளேயே நிற்பது போலிருந்தது.

லீவு முடிந்து, திருச்சி ஜங்ஷனில் அவனை ரயிலேற்றிவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பினேன். அவன் அறையில் போர்வை கட்டிலிலிருந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல், எத்தனையோ முறை நான் திட்டிய அதே ஈரத் துண்டு. மறதியில்லை, எனக்காகவே விட்டுப்போயிருக்கிறான்.

ஆசை தீரத் திட்டிக்கொண்டே துண்டை உலர்த்தினேன். போர்வையை இன்னும் மடிக்கவில்லை. இது மட்டும் அந்த உஸ்தாத்துக்குத் தெரியாது.