பச்சைப் பலகையில் வைத்த பொட்டு

எனக்கு எழுபத்தாறு வயசு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். இப்போது கடைசி மகனோடும் பேரன் கவினோடும் புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கிறேன். மருமகள் செல்வி வீட்டிலேயே எலக்ட்ரிக் சாமான் ரிப்பேர் பார்க்கிறாள். சும்மா ஒயர் நோண்டுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன ஆயுத பூஜையன்று கத்தி, மண்வெட்டி, மகனுடைய மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். செல்வியின் மேசையில் ஒரு பச்சைப் பலகை கிடந்தது. தொழில் சாமான்தானே என்று அதன் நடுவிலும் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

"ஐயோ அத்தே!" என்று ஓடி வந்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் பேரனுக்கு இழுப்பு வந்தால் மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மெஷினின் போர்டாம் அது. சாயங்காலம் கொடுத்தாக வேண்டும்.

அவள் திட்டவில்லை. ஸ்பிரிட்டில் பல் பிரஷை நனைத்துத் துடைத்தாள். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "ஒவ்வொரு காலும் தனியா நிக்கணும் அத்தே. நடுவுல ஈரம் பூந்தா கரண்ட் வழி மாறிடும்லா" என்றாள். பார்த்தேன். நாற்று நட்டது போல வரிசையாகச் சின்னச் சின்னக் கால்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஈயச் சொட்டு. பளபளவென்று இருந்த புதுச் சொட்டெல்லாம் இவள் வைத்ததாம்.

காய்ந்ததும் மாட்டி சுவிட்சைத் தட்டினாள். புஸ்ஸென்று ஆவி வந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஈயம் உருக்கும் கம்பியை, ஆறியிருந்ததை, சிரித்துக்கொண்டே நீட்டினாள். "என் ஆயுதம் இதுதான். இதுக்கு வைங்க."

அதன் பிடியில், பிள்ளை நெற்றியில் வைப்பது போல மெதுவாக வைத்தேன். அவளை மெச்சி ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுத்துக் கூட்டி இதை எழுதினேன்.

கவினு, இங்க வாய்யா. இதை உங்கம்மா காதுல விழுற மாதிரி சத்தமா வாசி.