ஆகாயத்தில் நின்ற ஜீப்

1984ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி, சனிக்கிழமை, மாலை ஏழு மணி ஐந்து நிமிடம். வெளியே மழை. மழை என்பதைவிட நனைந்த பனி என்பதே சரி. கூரைத் தகரத்தில் சத்தம் இல்லை, ஆனால் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் எல்லாம் ஈரமாகிவிட்டன. அவற்றை எண்ணிவிட்டுத்தான் மாமாவின் வீட்டுக்குள் போனேன். பதின்மூன்று சோடி. உள்ளே முப்பத்தொரு பேர். மற்றவர்களுக்குச் செருப்பில்லை.

டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நாங்கள் இருந்த லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று, மின்சாரம் இல்லை, தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. அது என் தாய்மாமாவுடையது. மாமா தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். துரை வர்ணப் பெட்டி வாங்கியபோது பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். மாமா ஒரு பழைய லொறி பேட்டரியைத் தேடிப் பிடித்து, சிவப்பு, கறுப்பு என்று இரண்டு கிளிப் மாட்டி, கூரைக்கு மேலே தண்ணீர்க் குழாய் ஒன்றில் ஏரியலும் கட்டிவிட்டார். பேட்டரியை ஒரு தடவை சார்ஜ் செய்தால் இரண்டு சனிக்கிழமைக்கு வரும். இரண்டாவது சனிக்கிழமையின் கடைசியில் படம் நான்கு பக்கமும் சுருங்கி, தபால் அட்டை அளவுக்கு வந்து, பிறகு அணையும். படம் போன பின்னும் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். இதை நான் பல தடவை கவனித்து மனதில் குறித்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு அந்த அமெரிக்கத் தொடர் வரும். கழுத்தில் கைக்குட்டை கட்டிய ஒருவன் ஜீப்பில் ஊர் ஊராகப் போவான். போகும் ஊரில் எல்லாம் நான்கு கெட்டவர்கள் இருப்பார்கள். எல்லாரும் எல்லாரையும் சுடுவார்கள். ஒரு வாரம் எண்ணினேன், நூற்றுப் பதினான்கு குண்டுகள். ஒன்றும் ஒருவர்மேலும் படவில்லை. முடிவில் ஜீப் ஓர் ஆற்றையோ பள்ளத்தையோ தாண்டும். அப்போது எல்லாம் மெதுவாக நடக்கும், பின்னால் ஒரு மாதிரி ரீங்காரம் கேட்கும். துரத்தி வந்த கெட்டவர்களின் கார் தலைகீழாக விழும். அவர்கள் ஊர்ந்து வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொள்வார்கள். ஜீப் தாண்டும்போது பின்னால் ஓர் உபரி டயர் இருக்கும், தரையில் இறங்கும்போது இருக்காது. மறுவாரம் மறுபடி இருக்கும். இதைப் பற்றிக் கவலைப்பட்டவன் லயத்தில் நான் ஒருவன்தான்.

பேச்சு முழுவதும் ஆங்கிலம். கீழே சிங்கள எழுத்து ஓடும். எங்களுக்குச் சிங்களம் பேச வரும், அந்த வேகத்தில் வாசிக்க வராது. ஆகவே மாமா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார். பங்களாவில் வேலை செய்பவருக்கு இங்கிலீசு தெரியாமலா இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்தேன். நாயகன் "லெட்ஸ் கோ" என்று இரண்டே சொல் சொன்னால் மாமா, "இந்த ஊர்ல நம்மள மதிக்கல. மதிக்காத எடத்துல ஒரு வாய் தண்ணிகூட குடிக்கக் கூடாது, வா போவோம்" என்பார். இரண்டு சொல் எப்படிப் பதின்மூன்றாகும் என்று நான் கேட்டதில்லை. அதட்டுவார் என்று பயம்.

அத்தை மட்டும் கேட்பார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தவர், இருபத்திரண்டு வயது. மாமாவும் அத்தையும் முறைப்படி கட்டிக்கொள்ளக்கூடியவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு முன்னால் நேருக்கு நேர் பேசிக்கொள்வது எங்கள் லயத்தில் வழக்கமில்லை. அதனால் அத்தை கேட்பதையெல்லாம் என்னிடம்தான் கேட்பார், மாமாவின் காதில் விழும்படியாக.

"டேய், ஒங்க மாமாவக் கேளு. அந்தத் தொப்பிக்காரன் என்ன சொல்றான்?"

"மாமா, அந்தத் தொப்பிக்காரன் என்ன சொல்றான்?"

"சிவப்புச் சட்ட போட்டவன நம்பாதேன்னு சொல்றான்."

"கறுப்பு வெள்ளையில சிவப்பு எப்படித் தெரிஞ்சிச்சாம்? கேளு."

நான் கேட்பதற்குள் காம்பரா முழுதும் சிரித்துவிடும். மாமா ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தார். நான் அத்தையிடமிருந்து மாமாவுக்கு. என் வேலையில்தான் பிழை குறைவு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் அத்தைக்குக் கடைசிச் சனிக்கிழமை. இரண்டு அரசாங்கமும் தோட்டத்து மக்களைப் பங்கு போட்டுக்கொண்டதில் அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, அத்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட். ஒரே அடுப்பில் சமைத்த இரண்டு பேருக்கு இரண்டு நாடு. பெரியப்பா முன்பே குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அங்கே அத்தைக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஹட்டன் ரயில் நிலையத்தில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். தகரப் பெட்டி கட்டி வைத்தாயிற்று. அத்தை காம்பரா காம்பராவாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டார். மாமாவின் காம்பராவுக்கு மட்டும் தனியாகப் போகவில்லை. சனிக்கிழமை எப்படியும் போகத்தானே போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்பை ஊதினார்.

அத்தைக்கு எப்போதும் ஒரே இடம். பெட்டி வைத்திருந்த மேசைக்குக் கீழே பேட்டரி, அதற்குப் பக்கத்தில் மடித்த சாக்கு, அதன்மேல் அத்தை, மடியில் யாராவது ஒரு குழந்தை. அன்று மாமா குறைவாகவே மொழிபெயர்த்தார். நாயகன் நீளமாகப் பேசிய இடத்தில்கூட "ஏதோ சொல்றான்" என்று விட்டுவிட்டார். கடைசியில் ஜீப் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. ரீங்காரம் தொடங்கியது. நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே போயின.

அணைந்துவிட்டது. படம் சுருங்கவில்லை, குரல் மிஞ்சவில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் போயின. இது முறையில்லையே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எல்லாரும் ஒரே குரலில் "ஐயோ" என்றதில் அந்த எண்ணம் அமுங்கிவிட்டது.

"பேட்டரி தீந்துபோச்சு" என்றார் மாமா. பெட்டியின் சுவிட்சைத் திருகி அணைத்த சத்தம் கேட்டது. சுவரில் சின்ன மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று மட்டும். முகங்கள் சரியாகத் தெரியவில்லை.

மேசைப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை.

"ஜீப்பு ஆகாயத்துலயே நிக்குதே. எறக்கி விடாம எப்படிப் போறது? மிச்சத்த நீங்களே சொல்லுங்க."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜீப்பு எறங்கிருச்சு. எறங்கின எடம் ஒரு துறைமுகம்."

"மலையில ஏதுய்யா துறைமுகம்?" என்றார் அடுத்த காம்பராக் கிழவர்.

"அமெரிக்காவுல இருக்கும். அங்க ஒரு கப்பல் நிக்குது. கப்பல்ல ஒரு பொண்ணு."

"பொண்ணா? இத்தன வாரமா அப்படி ஒண்ணும் வரலியே."

"இருந்திச்சு. நாமதான் ஜீப்பையே பாத்துக்கிட்டு இருந்தோம்."

"சரி, இவரு போயி என்ன சொன்னாரு?" என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. அவனுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும்."

சிரித்தார்கள். அத்தை சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

"வாயத் தொறக்காட்டி கப்பல் நிக்குமா? அத்தன துப்பாக்கிக்குப் பயப்படாத ஆளு இதுக்கு எதுக்குப் பயப்படுறாரு?"

"அது யார் மேலயும் படாத துப்பாக்கி. அது அவனுக்கும் தெரியும்" என்றார் மாமா. "இது அப்படியில்ல."

அப்பா இருமினார். "சரி சரி, எந்திரிங்க. சோறு ஆறுது" என்றார். எல்லாரும் எழுந்தார்கள். இருட்டில் செருப்பு மாறிப்போய் வாசலில் பெரிய தகராறு. கதை முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை பேட்டரியை ஹட்டனுக்குக் கொண்டுபோக வேண்டும். கிளிப்புகளைக் கழற்றுவது என் வேலை. சிவப்பைத் திருகித்தான் எடுக்க முடிந்தது. கறுப்பு, தொட்டதும் கையோடு வந்தது. மாமா பேட்டரியைச் சாக்கில் சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டு பாதைக்கு இறங்கினார். ஹட்டன் வரை பஸ்ஸில் போனோம். சார்ஜ் செய்யும் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. மாமாவை அவருக்கு நன்றாகத் தெரியும். நானா இரண்டு வயரை வைத்து லொறி விளக்கு ஒன்றை மாட்டிப் பார்த்தார். அது பளீரென்று எரிந்தது.

"என்ன தம்பி இது? சார்ஜ் எறங்கவே இல்லியே. இன்னும் ஒரு வாரத்துக்குக் காணும்."

"நேத்து படம் நடுவுல நின்னுபோச்சு நானா."

"அப்ப கிளிப்ப யாரோ புடுங்கியிருக்காங்க. பேட்டரிக்கிட்ட யாரு இருந்த?"

மாமா பதில் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே நான் சொன்னேன்.

"அத்ததான். எப்பவும் அத்ததான் அங்க இருப்பாங்க."

நானா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். விளக்கின் வயரைக் கழற்றினார்.

"செவ்வாக்கெழம பயணம் போறதா நீங்க சொன்னது அந்தப் புள்ள தானே? தம்பி, இங்க நின்டு என்ன செய்றீங்க? போங்க."

மாமா போனார். போனார் என்பது சரியில்லை, ஓடினார். கடைக்கு முன்னால் இருந்த அகலமான கழிவுநீர்க் கானை, பாலத்துக்குச் சுற்றிப் போகாமல், அந்த ஜீப்பைப் போலவே தாண்டினார். தாண்டும்போது இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. அந்தப் பக்கம் இறங்கியபோது ஒன்றுதான் இருந்தது. நின்று பார்க்கக்கூட இல்லை. பஸ்ஸுக்கான பணமும் அவருடைய சட்டைப் பையிலேயே போய்விட்டது.

"பேட்டரிய வச்சிட்டுப் போங்க மகன், பொறகு எடுக்கலாம்" என்றார் நானா. நான் சம்மதிக்கவில்லை. பிறர் பொருளை விட்டுவிட்டு வந்தால் யார் பதில் சொல்வது? கடையில் வேலை செய்தவர் பேட்டரியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கானிலிருந்து அந்தச் செருப்பையும் எடுத்துக்கொண்டேன். வழியில் மாமா ஏன் ஓடினார் என்று நான் யோசிக்கவில்லை. நன்றாக இருக்கிற பேட்டரியை இவ்வளவு தூரம் சுமந்து வந்தது எவ்வளவு வீண் வேலை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா ஒற்றைச் செருப்போடு எதிரில் நின்றார்.

"அண்ணனுக்கு நான் என்னான்னு எழுதுறது?" என்று அப்பா கேட்டார்.

"எதையாவது எழுதுங்க. ஒங்க தங்கச்சி பொட்டிய அவுத்துருச்சு" என்றார் அம்மா உள்ளேயிருந்து. அம்மாவின் குரலில் அப்படி ஒரு குஷியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன். அத்தை தகரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, சேலைகளுக்கு நடுவே சுற்றி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை நீட்டினேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். பஸ் விவரத்தைச் சொல்லத் தொடங்கினேன். யாரும் காது கொடுக்கவில்லை.

கோச்சி செவ்வாய்க்கிழமை அத்தை இல்லாமல் போனது. பெரியப்பா ஒன்பது ஆண்டுகள் கடிதம் போடவில்லை. அத்தைக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்க அதைவிட அதிக காலம் ஆனது. மாமாவை மணந்த பிறகும் நான் அவரை அத்தை என்றே அழைத்தேன். முறையில் மாற்றம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை தொடரின் தொடக்கத்தில் போன வாரத்துத் துண்டுகளைக் காட்டினார்கள். ஜீப் பள்ளத்தைத் தாண்டி இறங்கியது, டயர் வழக்கம்போல் காணாமற்போனது, நாயகன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். அவ்வளவுதான். துறைமுகமும் இல்லை, பெண்ணும் இல்லை. மாமா எங்களை ஏமாற்றிவிட்டார் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, கப்பல் எங்க?" என்று உரக்கக் கேட்டேன்.

பேட்டரிக்குப் பக்கத்துச் சாக்கிலிருந்து அத்தைதான் சொன்னார். "கப்பல் போயிருச்சுடா. பேசாம படத்தப் பாரு."

சென்ற மாதம் என் மகன் அந்தத் தொடரைக் கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுத்தான். வர்ணத்தில் இருக்கிறது. ஜீப் மஞ்சள். சிவப்புச் சட்டை என்று மாமா சொன்னது பச்சை. டயர் இன்னும் வந்து வந்து போகிறது. அந்தப் பள்ளம் வரும் பகுதியை இரண்டு தடவை பார்த்தேன். கப்பல் இல்லைதான். மாமாவிடமும் அத்தையிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். மாமாவுக்குக் கண் சரியில்லை. ஜீப் மேலே எழும்பும்போது அத்தை விரலால் திரையைத் தொட்டு அப்படியே நிறுத்திவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பஸ்ஸில் கொண்டக்டர் பேட்டரிக்கும் டிக்கெட் கிழித்தார். பந்து வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசில் கொடுத்தேன். மாமா இன்றுவரை திருப்பித் தரவில்லை. எனக்கு அரை டிக்கெட், பேட்டரிக்கு முழு டிக்கெட், மொத்தம் ஒரு ரூபாய் ஐம்பது சதம்.