உறை ஒட்டியவர்

யுத்தம் தொடங்கிய வருஷம், ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதுரைப் பத்திரிகை ஒன்று என் மூன்றாவது கதையையும் திருப்பியனுப்பியிருந்தது. இனி எழுதுவதில்லை என்று அதைக் கிழிக்கப் போனபோது, உள்ளே பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு: "தறிக்காரர் கோபித்துக்கொண்டு கிளம்பும் இடத்தில் அழுதுவிட்டேன். எழுதுவதை நிறுத்தாதீர்கள்."

ஆசிரியர் எழுதியதென்றே நினைத்து, மறுநாள் அவரிடம் நன்றி சொல்லப் பத்திரிகை அலுவலகம் போனேன். சீட்டைக் கண்டு அவர் முகம் சிவந்தது.

"உங்க கதையை நான் படிக்கவே இல்லையே!"

திரும்பிப் போகும் கதைகளை மூலையில் உட்கார்ந்து உறையிலிட்டு ஒட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். ஒடிசலான மனிதர், காதில் கட்டைப் பென்சில், விரலெல்லாம் பசை. எதையும் உதடு அசையப் படித்துவிட்டுத்தான் ஒட்டுவாராம்.

"உறை ஒட்டுறவனுக்கு அபிப்பிராயம் என்னய்யா வேண்டிக்கிடக்கு? நாளையிலிருந்து வராதே!"

என்ன அநியாயம்! அந்த அலுவலகத்தில் கதையைப் படித்த ஒரே மனிதரை, படித்ததற்காகவே துரத்தினார்கள். காட்டிக்கொடுத்தது என் நன்றி.

வாசலில் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும்ண்ணே. உள்ள இன்னும் பதினோரு கதை கெடக்கு. அம்புட்டும் ஒரு வார்த்தைகூட இல்லாம திரும்பிப் போயிருமே" என்றார்.

அந்தப் பத்திரிகையை இன்றுவரை நான் கையால் தொட்டதில்லை. அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் பிறகும் எழுதினார்களோ, தெரியவில்லை.