குளத்தோரத்துப் பச்சைப் புல்

என் அண்ணிக்குத் தெருவில் ‘புல்லுக்கட்டு’ என்று பெயர். தலையில் கட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. மற்றவர்கள் மேட்டில் கிடைத்ததை அறுத்து வருவார்கள். அண்ணியோ முழங்கால் தண்ணீரில் இறங்கி, குளத்தோரப் புல்லை அடியோடு அறுப்பார். “காஞ்சதைப் போடுறதுக்கு மாடு எதுக்கு வளர்க்கணும்?” என்று கேலி வேறு.

மழை முடிந்ததும் பெரிய மாடு இளைத்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. எவளோ கண் வைத்துவிட்டாள் என்று தெருவையே திட்டித் தீர்த்தார் அண்ணி. மாடு செத்துப்போனது. பிறகு சின்ன மாட்டுக்கும் தாடை வீங்கியது. அது சினை வேறு. அப்போதுதான் அவருக்கு என் நினைவு வந்தது. கால்நடை மருத்துவமனையில் சாணியைச் சோதிப்பவன் நான். அதற்காகவே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாத புண்ணியவதி, தானே டப்பாவில் சாணி கொண்டுவந்து நின்றார்.

அதைக் கரைத்து வடிகட்டி, அடியில் தங்கியதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

“பாருங்க அண்ணி.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். “தம்பி, தங்கத்துல செஞ்ச மாதிரில்ல இருக்கு! ஓரத்துல மூடிகூட இருக்கே!”

“ஈரலைத் தின்னுற தட்டைப்புழுவோட முட்டை.”

எத்தனை வருடம் பார்த்தாலும் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். சாணியோடு தண்ணீரில் விழும் முட்டை மூடியைத் திறக்கிறது. உள்ளிருந்து வரும் குஞ்சு, கண்ணுக்கே தெரியாத அந்தத் துளி, நீந்திப் போய் ஒரு நத்தையைத் தேடிப் பிடிக்கிறது. நத்தைக்குள் ஒன்று நூறாகிறது. வெளியே வந்து புல்லில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு, மாட்டின் வாய்க்காகக் காத்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு?

அண்ணி வாயைப் பிளந்து கேட்டார். பிறகு மெதுவாக, “எந்தப் புல்லுல?” என்றார்.

“தண்ணியோரத்துப் புல்லுல.”

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

“பெரியவ கடைசியில எதையும் தொடல தம்பி. குருத்தா பொறுக்கி நான்தான் ஊட்டிவிட்டேன்.”

டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

மருந்து கேட்டது, வீக்கம் வடிந்தது. போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, மேட்டுப் புல்லைக் காயவைத்து மாட்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தார் அண்ணி. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“கோவிச்சுக்கோடி,” என்று அதன் கழுத்தைத் தடவினார். “உசுரோட இருந்து கோவிச்சுக்கோ.”