பின்னால் நின்று தள்ளியது யார்?

அந்தக் காரின் டிக்கியை நான் என் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளங்களுக்குள் என் விரல்களை வைத்தும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் நான் வாக்குவாதம் செய்வதில்லை. எழுந்து போய்விடுவேன்.

காரின் சொந்தக்காரருக்கு எங்கள் சொந்தபந்தத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இது தானாகப் பட்ட அடியா, வேண்டுமென்றே பட வைத்த அடியா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்கிற சர்வேயர். வருஷக்கணக்காக அதே வேலை பார்த்ததில் சந்தேகம் அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. மனைவி தலை வலிக்கிறது என்றால்கூட எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று விசாரிப்பார். "போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?" என்பார் அந்த அம்மாள்.

அவர் சந்தேகமே படாத ஒரே ஆள் மனைவியின் தம்பிதான். லிஃப்ட் மெக்கானிக். வாய்க்கு வாய் "மாமா, மாமா" என்று கூப்பிடுகிற பையன். அவன் மேலேயும் சந்தேகம் வரும்படி ஒன்று நடந்தது.

ஒரே மாதத்தில் மூன்று கார்களைப் பார்க்கும் வேலை அவருக்கு வந்தது. மூன்றும் வேறு வேறு ஆட்களுடையவை. வேறு வேறு ஒர்க்‌ஷாப்பில் நின்றவை. ஆனால் மூன்றிலும் டிக்கி மூடியில், ஒரே உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். பின்னால் ஏதாவது வண்டி இடித்திருந்தால் முதலில் பம்பர்தான் நசுங்கும். பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. எப்படி வந்தது என்று கேட்டால் மூன்று பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். "பெட்டி தேடிப் போனோம் சார். குவாரியில வண்டி மாட்டிக்கிச்சு. கிரேன் வச்சு எடுத்தோம். வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் பார்த்தோம்."

பெட்டி தேடுவது ஒரு விளையாட்டு. யாரோ ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் வழி பார்த்துக்கொண்டு தேடிப் போவார்கள். கண்டுபிடித்தவர் தன் பெயரைப் பதிந்துவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஜியோகேச்சிங் என்பார்கள். மச்சினனுக்கு அதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த மூன்று கார்க்காரர்களில் ஒருவர் அவனுடைய கூட்டாளி.

பூதக்கண்ணாடி கணக்குப் போட்டார். ஆள் இல்லாத இடத்தில் ஒரு பெட்டி. தேடி வருகிறவன் மாட்டிக்கொள்வான். இழுக்க ஒரு கிரேன். பள்ளத்தை நிமிர்த்த ஒரு ஒர்க்‌ஷாப். இதில் மச்சினனுக்கு என்ன பங்கு? நேராகக் கேட்கவில்லை. "அந்தக் குவாரிக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "நிஜமாவா மாமா? அந்தப் பெட்டியை இதுவரைக்கும் ஒருத்தரும் எடுத்ததில்ல. வச்சது யாருன்னே தெரியல. நாம எடுத்தா நாமதான் முதல்!"

கிளம்பும் முன் அவர் தன் வெள்ளைக் காரை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். டிக்கியை மட்டும் இரண்டு தடவை.

ஊரைத் தாண்டி வெகு தூரத்தில் இருந்தது அது. கைவிடப்பட்ட கல்குவாரி. துருப்பிடித்த கேட் திறந்தே கிடந்தது. உள்ளே மண் பாதை சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், எதிரே ஒரு சரிவு. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சமதளம், சிமெண்ட் பூசிய மைதானம் மாதிரி. மேலே நல்ல வெயில். கீழே அப்போதே நிழல் விழுந்துவிட்டது. மேலே செடிகளைப் பேயாட்டம் ஆட்டிக்கொண்டிருந்த காற்று கீழே துளியும் இல்லை.

சமதளத்தில் டயர் தடங்கள் தெரிந்தன. எல்லாம் கொஞ்ச தூரம் போய், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றிருந்தன. அவர் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

"அந்த எதிர்ப்பக்கத்துச் சரிவுல மேல ஏறணும் மாமா. ஓரமாவே போங்க," என்றான் மச்சினன்.

ஓரமாகத்தான் போனார். சத்தமே இல்லாமல் முன் சக்கரம் இரண்டும் உள்ளே இறங்கின. மேலே காய்ந்த ஓடு. அடியில் கல்தூளும் தண்ணீரும் கலந்த கூழ்.

மச்சினன் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினான். "ரேஸ் பண்ணுங்க மாமா... இன்னும் கொஞ்சம் மாமா... விட்டுடாதீங்க மாமா..." சக்கரம் சுழன்று சேற்றை வாரி இறைத்ததுதான் மிச்சம். பின் கண்ணாடி முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டது. வண்டி அசையவில்லை.

அவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"எத்தனை பேருடா சேர்ந்து பண்றீங்க இதை?"

"எதை மாமா?"

"கிரேன்காரன் உன் ஆளா? ஒர்க்‌ஷாப் யாருது? என் காரையும் மாட்டவைக்கத்தான் கூட்டிட்டு வந்தியா?"

அவன் முகம் சுருங்கிப்போனது. பிறகு, "பலகை ஏதாவது கிடைக்குதான்னு பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் வண்டியை அசைக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மாமா என்று சொல்லவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

டப்... டப்...

யாரோ டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். 'எடு' என்று சொல்வதுபோல.

வந்துவிட்டான் என்று நினைத்து எஞ்சினைப் போட்டார். முதல் கியர். பின் கண்ணாடியில் படிந்திருந்த சேற்றின் வழியே மங்கலாக ஒரு உருவம். குனிந்து இரண்டு கையையும் டிக்கியில் ஊன்றி நின்றது. தலை தெரியவில்லை.

"முன்னாடி..." என்றது குரல்.

கரகரவென்றிருந்தது. மூச்சு வாங்குகிறது போல, என்று நினைத்தார்.

"முன்னாடி தள்ளித்தானே அசையல? பின்னாடி எடுக்கலாமேடா?"

"முன்னாடி... முன்னாடி..."

இப்போதும் மாமா இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. ஒருவேளை இன்னும் ஆழத்தில் மாட்டவைக்கப் பார்க்கிறானோ? அப்படியும் ஒரு எண்ணம் ஓடியது. ஆனால் எதிரே தளம் காய்ந்து கெட்டியாகத்தான் தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

கார் நகர்ந்தது.

அவருக்கே ஆச்சரியம். குலுக்கல் இல்லை. திணறல் இல்லை. மேஜை டிராயரைத் தள்ளினால் உள்ளே போகுமே, அப்படிப் போனது.

அப்போது போன் அடித்தது.

திரையில் மச்சினன் பெயர்.

"மாமா..." அவன் குரல் நடுங்கியது. "யாரு மாமா அது?"

"எது?"

"உங்க பின்னாடி... தள்ளுறது யாரு?"

"நீதானேடா தள்ளுற?"

"நான் மேல இருக்கேன் மாமா. நிமிர்ந்து பாருங்க..."

நிமிர்ந்து பார்த்தார். எதிரே, சரிவின் உச்சியில், வெயில் படுகிற இடத்தில் மச்சினன் நின்றிருந்தான். ஒரு கையில் பலகை. இன்னொரு கையில் காதோடு போன்.

5.12. காரின் கடிகாரத்தில் அந்த எண்கள் எரிந்துகொண்டிருந்தது அவருக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர் காலை எடுத்தார்.

கார் நிற்கவில்லை.

பிரேக்கை மிதித்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். ஒரே அமைதி.

அந்த அமைதியில்... கார் போய்க்கொண்டே இருந்தது.

டிக்... டிக்...

பின்னால் தகடு அமுங்குகிற சத்தம்.

முன்பக்கம் இறங்க ஆரம்பித்தது. பானெட் மேல் சேறு ஏறியது. கதவைத் தள்ளினார். வரவில்லை. கண்ணாடி பாதி இறங்கி நின்றது. அந்தச் சந்தில் உடம்பை நுழைத்து வெளியே விழுந்தார்.

இடுப்பளவு கூழ்.

கெட்டித் தரை இருந்தது பின்பக்கம்தான்.

அந்தப் பக்கம்தான் போக வேண்டும்...

காரின் பக்கவாட்டைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்தார். பின் சக்கரம் வந்தது. பின் விளக்கு வந்தது.

எட்டிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

டொப்!

வெறும் டிக்கி மூடி, அழுத்திப் பிடித்திருந்த கையை எடுத்ததும் எழும்புகிற தகர டின்னைப் போல, அவர் கண்ணெதிரே சத்தம் போட்டது.

"கையை நீட்டுங்க மாமா! என்னைப் பாருங்க, அங்க பார்க்காதீங்க!" மச்சினன் எப்படித்தான் ஓடி வந்தானோ, பலகையைப் போட்டு அதன்மேல் படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டு பேரும் கெட்டித் தரைக்கு வந்து திரும்பியபோது காரின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

முதலில் மாட்டிய இடத்தில் மச்சினனின் ஷூ தடங்கள் இருந்தன. அங்கிருந்து கார் தள்ளப்பட்டுப் போன தூரம் முழுக்க இரண்டு டயர் கோடுகள் மட்டும். நடுவில் சேறு துடைத்த பலகை மாதிரி வழவழவென்று கிடந்தது. ஒரு கால் தடம் இல்லை.

மறுநாள் காலை கிரேன் வந்தது. எதிலும் சேராத, தூரத்து ஊர்க் கிரேனாகப் பார்த்து அவரே வரவழைத்தார். பழக்க தோஷம். கார் மேலே வந்ததும் கிரேன்காரர் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டார். டிக்கியில் இரண்டு பள்ளங்கள். புதுப் பள்ளம் என்பதால் நன்றாகத் தெரிந்தது. விரித்து வைத்த இரண்டு கைகள். விரல்கள் நம் விரலைவிட ஒரு கணு நீளம்.

பூதக்கண்ணாடி போட்டோ எடுக்கவில்லை. மச்சினன் பக்கத்தில் போய் நின்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைச்சுட்டேன்டா," என்றார். அவன் அவர் கையின் மேல் தன் கையை வைத்தான்.

கிரேன்காரர் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், உங்க வண்டி கீழ எதுலயோ முட்டிக்கிட்டுதான் நின்னிருக்கு. இல்லேன்னா இன்னும் போயிருக்கும்."

"எதுல?"

"கீழ இன்னொரு வண்டி இருக்கு சார்."

போலீஸ் வந்த பிறகு அதையும் எடுத்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காணாமல்போன கார். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் இருந்தார். என்ன மிஞ்சியிருக்குமோ அது. பெல்ட் போட்டபடியே.

அன்றைக்கு அந்தக் காரில் போனது இரண்டு பேர். உயிர் நண்பர்கள். அவர்களும் பெட்டி தேடித்தான் போயிருக்கிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். நண்பனையும் காரையும் காணவில்லை என்றான். அவன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று ஊரே பேசியது. போலீஸ் பல தடவை கூட்டிப்போய் விசாரித்தது. நண்பனின் அம்மா அவன் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். கட்ட இருந்த பெண் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டாள்.

அவன் இப்போது ஒரு சந்துக்குள் சாவி செய்யும் கடை வைத்திருக்கிறான். பூதக்கண்ணாடியும் மச்சினனும் அவனைத் தேடிப் போனார்கள். அரத்தால் ஒரு சாவியைத் தேய்த்துக்கொண்டிருந்தவன், குவாரி என்ற வார்த்தையைக் கேட்டதும் கையை நிறுத்தினான்.

"அன்னைக்கு காரை நீங்க தள்ளினீங்களா?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"நான் தொடவே இல்ல சார். அவன் கார்ல இருந்தான். நான் பெட்டி தேடி மேல ஏறிட்டேன்."

"மேல இருந்து ஏதாவது பார்த்தீங்களா?"

அவன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பார்த்தேன். வண்டி மாட்டிக்கிட்டிருந்தது. யாரோ ஒருத்தர் பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டிருந்தாரு. நல்லவேளை, உதவிக்கு ஆள் கிடைச்சிருச்சுன்னு நினைச்சேன். நன்றி சொல்ற மாதிரி மேல இருந்து கையை ஆட்டினேன். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பித் தேட ஆரம்பிச்சுட்டேன். திரும்பி வந்து பார்த்தா காரும் இல்ல, ஆளும் இல்ல. இதைச் சொன்னா யாரு சார் நம்புறாங்க?"

"நீங்க கையை ஆட்டினதை அவர் பார்த்தாரா?"

சாவிக்காரன் அரத்தைக் கீழே வைத்தான்.

"பார்த்தாரு சார். அவரும் ஒரு கையை எடுத்து எனக்கு ஆட்டினாரு..."

அவன் தன் ஒரு கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினான்.

"கார் நிக்கல. ஒத்தைக் கையால தள்ளிக்கிட்டே இருந்தாரு."