மேகத்தைக் காத்த கார்டு

பூண்டுக் கொட்டகை வாசலில் மாட்டக் காவல் கேமரா வாங்க அவ்வளவு யோசித்த நான், அதற்குள் போடும் மெமரி கார்டை மட்டும் பழைய செல்போனிலிருந்து கழற்றிப் போட்டேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "மலைக்குச் சின்ன கார்டு பத்தாதுங்க, பெருசாப் போடுங்க" என்று பழனிக் கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். என்னிடமே வியாபாரமா என்று சிரித்தபடி மலைமேல் இருக்கும் என் தோட்டத்துக்கு ஏறிவிட்டேன்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பினால், அடுத்த நடவுக்காகக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டு மொத்தமும் காணோம். கூடி நின்றவர்களிடம், "திருடன் மூஞ்சி இதுல இருக்கு" என்று செல்போனை நீட்டினேன்.

திரையில், கொட்டகை வாசலில் மேகம் வந்தது. போனது. மறுபடியும் வந்தது. எது அசைந்தாலும் பதிவு செய்யும் கேமரா, இறங்கிய மேகத்தையெல்லாம் பிடித்திருக்கிறது. இடம் தீர்ந்ததும் அந்தச் சின்ன கார்டு பழைய பதிவுகளை அழித்து, திருடன் இருந்த இடத்திலும் மேகத்தையே நிரப்பியிருக்கிறது!

வந்த ஆத்திரத்தில் திருடனையே மறந்துவிட்டேன். மேகத்தைப் பத்திரப்படுத்தத் தெரிந்த சனியனுக்கு, கொட்டகை புகுந்தவனை அழிக்க யார் உரிமை கொடுத்தது? நான்தான் கொடுத்தேன் என்பது கத்தி முடித்த பிறகே உறைத்தது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா நிதானமாகச் செல்போனைத் திருப்பித் தந்தார்.

"மேகம் பாக்கவா தம்பி கேமரா வச்சீங்க? கதவத் தொறந்தாலே தெரியுமே."