ஐந்து முனை நீர்க்கிராம்பு

கொழும்பில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்குத் தேற்றாத்தீவுக்கு வந்தபோது, அம்மாவின் கணுக்காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. வைகாசியில் நடக்கும் குளிர்த்திச் சடங்குக்கு அம்மன் கோயிலுக்கு நடந்தே வருவதாக அவர் நேர்ந்திருந்தார். அதற்கு முன் புண் ஆற வேண்டும். நீர்க்கிராம்பு இலையை அரைத்துக் கட்டச் சொன்ன வைத்தியர், வெள்ளைப் பூப் பூப்பதே வேண்டும், மஞ்சள் ஆகாது என்று அழுத்திச் சொல்லியிருந்தார்.

அன்று பிற்பகல் அண்ணனின் மனைவியான மச்சாளும் நானும் வயல் வட்டையின் ஓரத்திலிருந்த மடுவுக்குச் சென்றோம். கரையில் நிமிர்ந்து நின்ற செடிகளில் ஒன்றிரண்டு மஞ்சள் பூக்கள் எஞ்சியிருந்தன. நீரின்மேல் ஒரு கொடியும் படர்ந்திருந்தது. அதில் பூவே இல்லை.

"இதப் பிடுங்குவம் கா. தண்ணிக்க கிடக்கிறதுதானே நீர்க்கிராம்பு," என்றார் மச்சாள்.

"பூவப் பாக்காம எப்பிடி மச்சாள்?"

"பூ இல்லாட்டிப் படிச்ச ஆக்களுக்குச் செடியும் தெரியாதாக்கும்."

நான் கிராம்பு என்ற சொல்லையே எண்ணிக்கொண்டிருந்தேன். இதழ்கள் உதிர்ந்த பின்னும் நீண்ட காயின் தலையில் புறவிதழ்கள் விரிந்து நிற்பதால் வந்த பெயர் அது. சமையலறைக் கிராம்பின் தலையில் நான்கு முனைகள் உண்டு. மஞ்சள் பூச்செடியின் காயிலும் நான்கு. முழங்கால்வரை நீரில் இறங்கிக் கொடியின் காயைத் திருப்பிப் பார்த்தேன்: ஐந்து. அதன் கணுக்களில் பஞ்சுபோன்ற வெண்ணிற முளைகள் இருந்தன. கொடியை அவையே மிதக்கவைத்தன. ஆகவே இது வேறு செடி என்பதற்குச் சான்று கிடைத்தது. வைத்தியர் சொன்ன செடி என்பதற்குக் கிடைக்கவில்லை.

மொட்டோடு அறுத்த கொடியை வீட்டில் நீர் நிறைந்த சட்டியில் இட்டேன். உடனே அரைத்துக் கட்டலாம் என்றார் மச்சாள். அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"விடியட்டும்," என்றார். வலி மிகுந்திருக்க வேண்டும். காலை மடக்காமலே உட்கார்ந்திருந்தார்.

காலையில் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகு மொட்டு அவிழ்ந்தது. வெள்ளை இதழ்கள், அடியில் மட்டும் இலேசான மஞ்சள். அந்த மஞ்சளைக் கண்டதும் எனக்கு மீண்டும் தயக்கம் வந்தது. அம்மா சட்டியை எட்டிப் பார்த்தார்.

"வெள்ளைதான் புள்ள. அடியில கிடக்கிற மஞ்சள வைத்தியருக்குச் சொல்லாத. அரைங்க."

மச்சாள் அதற்குள் அம்மியைக் கழுவத் தொடங்கியிருந்தார். குளிர்த்தியன்று அம்மா நடந்தே போனார், சற்று நொண்டியபடி.